ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

பாலத்தில் ஏறியதுமே பெயிண்ட் வாடை மூக்கில் அடித்தது. பாலப் பராமரிப்பு மேஸ்திரி சைக்கிளை விட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டார். நேற்று அக்கரைக்குப் போகும்போது சொறி பிடித்த நாய் மாதிரி கிடந்த பாலம், இன்று காலை பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. கைப்பிடிக் கம்பிகளுக்கு வெள்ளி நிறம். எட்டிப் பார்த்தார். அடியில் இருந்த இரும்பு உத்திரங்களுக்கும் சாம்பல் நிறத்தில் இரண்டு பூச்சு.

"என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க?"

பிரஷ் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெயிண்டர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், சிரித்துக்கொண்டே வந்தான். "நேத்து நீங்க கெளம்பினதும் ஆரம்பிச்சோம்ணே. பதினோரு பேரும் தொங்கிக்கிட்டே அடிச்சோம். ரெண்டு கட்சிப் பெரிய தலைங்களும் ஒண்ணா வர்றாங்க. அழுக்கா இருந்தா நம்மள என்ன நெனப்பாங்க?"

"அழுக்கைக் காட்டத்தானேடா கூப்பிட்டேன்."

பிரஷ் முகத்தில் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அவனைத் திட்ட மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. பெரிய மனிதர் எவர் வந்தாலும் முதல் நாளே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக அவர்களைப் பழக்கியவரே அவர்தான். இந்தத் தடவை அடிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

பழைய பாலங்களை மாற்றிக் கட்டத் தலைநகரில் நிதி ஒதுக்கியிருந்தார்கள். ஒரே நிபந்தனை: பாலம் இரண்டு தொகுதியைத் தொட்டால், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். இக்கரைக்காரர் ஆளுங்கட்சி, அக்கரைக்காரர் எதிர்க்கட்சி. ஒன்பது வருஷமாக ஒரே மேடையில் ஏறாதவர்கள். "நான் கேட்டா எங்க அரசாங்கத்தையே குறை சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் இவர். "நான் கையெழுத்துப் போட்டா அவன் பாலம் கொண்டுவந்தான்னு ஆயிடும்" என்றார் அவர். மேஸ்திரியின் மச்சான் அக்கரைக்காரருக்குக் கார் ஓட்டுகிறான். கொழுந்தியாள் இக்கரைக்காரர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். இந்த இரண்டு உறவையும் பிடித்துக்கொண்டு நாலு மாசம் நாயாய் அலைந்தார். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் கொழுந்தியாள்தான் இரண்டு பெயரையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தாள்.

தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள கண்களில் மூன்றாவதன் உத்திரத்தைத் துரு தின்றிருந்தது, விரலை விட்டால் உள்ளே போகும். மேலே பஸ் போகும்போது அடியில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவனுக்குத்தான் அந்த முனகல் கேட்கும். பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள்.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள், கேமராக்காரர்களோடு. இக்கரைக்காரர் கம்பியைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தானேய்யா இருக்கு?"

"எங்க ஆட்சியில கட்டினது. நிக்காம என்ன செய்யும்?" என்றார் அக்கரைக்காரர்.

"நாங்க பராமரிச்சோம், நிக்குது."

"கொஞ்சம் கீழ வாங்கய்யா," என்றார் மேஸ்திரி. படியிறக்கி மூன்றாவது கண்ணுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் சுத்தியலை ஓங்கி உத்திரத்தில் ஒரு அடி அடித்தார். சாம்பல் பூச்சு முட்டை ஓடு போல உடைந்து, சுத்தியல் தலை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. தவிடு மாதிரி துரு கொட்டி, அக்கரைக்காரரின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது.

இனிமேல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தார் மேஸ்திரி.

"இதுமேல பெயிண்ட் அடிச்சது யாரு?" என்றார் இக்கரைக்காரர்.

"மறைச்சிருக்கானுங்க," என்றார் அக்கரைக்காரர், தோளைத் தட்டிக்கொண்டே.

"அதேதாங்க நானும் நெனச்சேன்."

ஒன்பது வருஷத்தில் இருவருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"மறைக்கலைங்கய்யா. நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்கு அடிச்சது," என்றார் மேஸ்திரி.

"ஜனங்க உசுரோட வெளையாடுறதாய்யா மரியாதை?" அக்கரைக்காரர் இதைக் கேமராவைப் பார்த்துச் சொன்னார். பிரஷ் எதையோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

மேலே கார் பானட்டில் தாளை வைத்தார்கள். கொழுந்தியாள் அடித்த அதே தாள். அதைத் திருப்பி, வெறும் பக்கத்தில் உதவியாளர் கையால் எழுதினார்: பராமரிப்புக் குழுவினர் பன்னிரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தி உடனே விசாரிக்க வேண்டும்.

"நீங்க மொதல்ல போடுங்க."

"சேச்சே, நீங்க போடுங்க."

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். யார் பெயர் மேலே என்று யாரும் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த மச்சான் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் இருக்கற லெட்டருங்கய்யா?" என்றார் மேஸ்திரி.

"விசாரணை முடியட்டும்."

"அதுவரைக்கும் பாலத்த மூடியாவது வைக்கணுங்க. பதினோரு மணி பஸ் வந்துரும்."

"அதுக்கெல்லாம் ஆர்டர் வரும்யா." இரண்டு கார்களும் ஆளுக்கொரு கரைக்குக் கிளம்பின. பாலத்தின் மேல் வேகமாக ஓட்டக்கூடாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

பிரஷ் கைப்பிடியில் சாய்ந்து, கையில் ஒட்டிய பெயிண்டைப் பார்த்து, "அண்ணே, சோத்துக்கு என்ன பண்றது?" என்றான். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி நடுச் சாலைக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்ன மேஸ்திரி, மூடியாச்சா? ஆர்டர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப வழிய விடுங்க. நேரமாகுது."

"மூணாவது கண்ணு போயிடுச்சுப்பா."

"பளபளன்னுல்ல இருக்கு."

மேஸ்திரி கையை இறக்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பிறகு எஞ்சினை அணைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ சலித்துக்கொண்டார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் படியில் இறங்கி, மேஸ்திரியைக் கடந்து பாலத்தில் நடக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர். முணுமுணுத்துக்கொண்டே இன்னும் நாலு பேர், பிறகு மீதி எல்லோரும். கைப்பிடியைப் பிடித்தவர்கள் விரலில் வெள்ளி ஒட்ட, ஒரே வரிசையாக அக்கரைக்கு நடந்தார்கள். அவர்கள் பாதி தூரம் போன பிறகு, மேஸ்திரி ஒதுங்க, காலி பஸ் முதல் கியரில் மெல்ல ஊர்ந்தது.