அலமாரியில் கிடந்ததை வைத்து முப்பது பேருக்கு

பன்னிரண்டாம் தேதி இரவு பத்து மணிக்கு மத்ரீதில் பேருந்து ஏறுகிறவர் போர்த்தோவில் இறங்குவது பதின்மூன்றாம் தேதி காலையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஆனால் முதுகில் மூட்டையோடு மலிவாக ஊர் சுற்றுகிறவர்களில் இந்தக் கணக்கில் ஒருமுறையாவது கோட்டை விடாதவரை நான் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு நாளாகத் தேதிக் கணக்கில் ஒரு பிசகும் இல்லாமல் வந்த சோல்விதா அன்று கோட்டை விட்டாள். போர்த்தோ விடுதியில் படுக்கையைப் பன்னிரண்டாம் தேதிக்குப் பதிவு செய்திருந்தாள்.

"உன் படுக்கை நேத்து ராத்திரி பூரா சும்மா கிடந்துச்சும்மா," என்றாள் விடுதிக்காரி கிராசா, பதிவேட்டைத் திருப்பிக் காட்டி. "காசு போட்ட, வரல. இன்னைக்குப் படுக்கணும்னா இன்னைக்குக் காசு."

இன்றைக்குக் காசு இல்லை. நாளை மாலை ஊர் திரும்பும் பேருந்துக்குச் சீட்டு முன்பே வாங்கியாயிற்று. அது போகக் கையில் இருந்தது வழியில் தின்னும் ரொட்டிக்குத்தான் ஆகும். வெளியே கடல் பக்கத்திலிருந்து மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. பிராகாவில் ரயில் நிலைய பெஞ்சில் படுத்து, போலீஸ்காரர் தட்டி எழுப்பி விரட்டிய அனுபவமும் அவளுக்கு இருந்தது.

அண்ணன் ரைதிஸைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பணம் வந்துவிடும். வந்தால் அவள் தொலைந்தாள். சொந்த ஊரான லியெபாயாவில் புறப்படும்போது அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்வாள்: "பத்தே நாள். பதினோராவது நாள் 'அண்ணே, காசு அனுப்பு'ன்னு அழுவ. அழுதேன்னா குளிர்காலம் பூரா நம்ம கடையில வந்து டயர் விக்கணும், சரியா?" வீறாப்பில் இவளும் கையடித்துக் கொடுத்துவிட்டாள். டயர் வாசனையை நினைத்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

கைபேசியை எடுத்தாள். அண்ணன் பெயரைத் தேடினாள். அப்போதுதான் கிராசா யாரிடமோ போனில் கத்துவது காதில் விழுந்தது.

"அலைச்சறுக்குப் பலகையத் தூக்கிட்டுப் போயிட்டானா? வியாழக்கிழமைன்னு தெரியாதா அவனுக்கு? முப்பது பேருக்குச் சாப்பாடுன்னு பலகைல எழுதிப் போட்டிருக்கேன்யா!"

அந்த விடுதியில் வியாழன் மாலை எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். சமைக்கிறவனுக்கு அன்று படுக்கை இலவசம். சமைக்க வேண்டியவன்தான் அலையேறப் போய்விட்டான்.

சோல்விதா கைபேசியைப் பைக்குள் போட்டாள். "அக்கா, நான் சமைக்கிறேன். படுக்கை குடுங்க."

கிராசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பது பேருக்குச் சமைச்சிருக்கியா?"

"மூணு பேருக்குச் சமைச்சிருக்கேன்."

"வாய் இருக்கு உனக்கு. சரி, கேட்டுக்கோ. கடைக்குப் போக நான் காசு தரமாட்டேன். இலவச அலமாரில இருக்கிறதுதான். வெங்காயம் மட்டும் என்னுது எடுத்துக்கோ. தட்டெல்லாம் காலியா வந்தா படுக்கை. ஒரு தட்டுல மிச்சம் கிடந்தாலும் மூட்டையத் தூக்கிட்டுக் கிளம்பு."

எந்த விடுதிச் சமையலறையிலும் இந்த அலமாரி உண்டு. ஊரை விட்டுப் போகிறவர்கள் மீந்ததை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வாங்கி ஒரே மாதிரி மீத்துவதால் அலமாரியும் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். உப்பு ஏழு பொட்டலம். பாதிப் பாதியாக இருபத்திரண்டு பாஸ்தா பொட்டலம். குழாய், திருகு, சிப்பி, நூல் என்று வடிவம் எதுவும் எதோடும் சேராது. தக்காளி டப்பா ஆறு, கொண்டைக்கடலை நாலு. எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது. எண்ணெயை எவனும் விட்டுப் போகமாட்டான், கருமிப் பயல்கள்.

எண்ணெய் இல்லாமல் வெங்காயத்தை வேகவைத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. அலமாரியின் மூலையில் மத்தி மீன் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. இந்த ஊர் வந்ததன் நினைவுப்பொருளாக வாங்கி, பையில் கனக்கிறது என்று போட்டுவிட்டுப் போனவை. ஒன்றைத் திறந்தாள். மீன் எண்ணெயில் மிதந்தது. பத்து டப்பாவையும் திறந்து எண்ணெயை வடித்தாள். ஒரு பெரிய குவளை நிறைய வந்தது.

அதில் வெங்காயம் வதங்கிய வாசனைக்கு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவன் எத்தோரே, பாஸ்தாவுக்குப் பேர்போன பொலோஞ்ஞாக்காரன். மேசையில் கொட்டிக் கிடந்த பாஸ்தாவைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"இதையெல்லாம் ஒரே பானைலயா போடப் போற?"

"ஆமா."

"ஒண்ணு கல்லா இருக்கும், இன்னொண்ணு கூழாயிடும். எங்க ஊர்ல இதுக்கு உள்ள தள்ளுவாங்க."

"எது எவ்வளவு நேரம் வேகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? பால் குடிக்கிற வயசுலயே தெரியும்!"

"அப்ப வாயப் பேசாம இங்க நில்லு. நேரமாகுறதுல இருந்து வரிசையாச் சொல்லு, நான் போடுறேன்."

அவமானப்பட்டவன்போல முறைத்தான். ஆனாலும் நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தினான். "குழாய் போடு! நாலு நிமிஷம் பொறு. சிப்பி! இப்ப திருகு, திருகு! கிண்டும்மா, என்னத்தப் பாத்துட்டு நிக்கிற?" கடைசியில் நூல் பாஸ்தாவை அவள் இரண்டாக ஒடித்தபோது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நூலை ஒடிப்பது அவன் ஊரில் பெரும் பாவம்.

எல்லாம் ஒரே நேரத்தில் வெந்தது. தக்காளியும் கடலையும் உதிர்த்த மீனும் சேர்ந்து அடுப்பில் தளதளத்தன. முப்பது தட்டிலும் பரிமாறி முடித்தபோது மேசையில் பேச்சே இல்லை, கரண்டிச் சத்தம்தான். சோல்விதா பானையோரம் நின்றபடி இரண்டு வாய் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கண் ஒவ்வொரு தட்டாகச் சுற்றி வந்தது.

கிராசா தட்டுகளை வாங்கி அடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்தாள், கல்நெஞ்சுக்காரி. பத்து, இருபது, இருபத்தொன்பது. எல்லாம் காலி.

முப்பதாவது எத்தோரேயின் தட்டு. அதில் பாதி அப்படியே இருந்தது.

மேசை முழுவதும் அவனைப் பார்த்தது. சோல்விதா தன் மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஒடித்த பாஸ்தாவுக்காக இந்தப் பாவி தன்னை மழையில் தள்ளப்போகிறான் என்று நினைத்தாள்.

"என்னப்பா, பிடிக்கலையா?" என்றாள் கிராசா, தட்டை எடுக்கக் கை நீட்டி.

எத்தோரே தட்டை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டான். "கைய எடுங்க! பானைல இனி இல்லன்னு பாத்துட்டேன். தீந்துடக் கூடாதுன்னுதான் மெதுவாத் தின்னுக்கிட்டிருக்கேன். எங்கம்மாகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விடுதியே அதிரும்படி சிரித்தார்கள். யாரோ மேசையைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். எத்தோரே ஒரு ரொட்டித் துண்டால் தட்டை வழித்துத் துடைத்து, கழுவி வைத்ததுபோல ஆக்கி, எழுந்து நின்று கிராசாவிடம் நீட்டினான்.

அவள் அதையும் விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். "மேல் படுக்கையா, கீழ் படுக்கையா?"

மலிவுக்கு வருகிறவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. இதுவரை தங்கிய விடுதிகளிலெல்லாம் அடுக்குக் கட்டிலில் ஏணி ஏறி மேலேதான் அவள் படுத்திருக்கிறாள்.

"கீழ்," என்றாள் சோல்விதா. "ஜன்னலோரமா."