மோகனாவுக்கு வணக்கம் சொன்ன கோப்பு

மோகனப்பிரியாவின் கணினியில், பைதான் நிரல்மொழிக் கட்டளைகளை அடிக்கும் ஷெல் திரையைத் திறந்த உடனே, "வணக்கம் மோகனா, ஜமாய்!" என்று பச்சை எழுத்தில் சொல்லும். வேண்டிய நிரல் நூலகங்களையும் தானே ஏற்றிக்கொள்ளும். எல்லாம் நான்கு வருடத்துக்கு முன் அவளே எழுதிவைத்த தொடக்கக் கோப்பின் உபயம். ஷெல்லைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் ஓடும். வேலை மாறியபோதும் அந்தக் கோப்பை மட்டும் விடாமல் கூடவே தூக்கி வந்தாள்.

இப்போது துவாஸில், மீனும் இறாலும் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை. சேர்ந்து ஐந்து மாதமே ஆன முகமது யூசுப், மூன்றாம் அறையின் வாரச் சராசரி 5.1 டிகிரி என்று நேற்று கணக்குக் கொடுத்தான். நான்கைத் தாண்டினால் அறையையே காலி செய்தாக வேண்டும். மோகனாவும் போட்டுப் பார்த்தாள். 3.6 வந்தது. அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "யூசுப்புக்கு அடிப்படைக் கணக்கிலேயே கவனம் இல்லை" என்று மேலாளர் அருளானந்தத்துக்கு மின்னஞ்சல் தட்டி, குழுவில் எட்டுப் பேருக்கும் நகல் போட்டாள். யூசுப்பை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கும் கூட்டம் இன்று மூன்று மணிக்கு.

பதினொரு மணிக்கு யூசுப் மடிக்கணினியோடு அவள் மேசைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை. நீங்க அடிக்கிறதையே நானும் அடிக்கிறேன் லா."

அடித்தார்கள். ஒரே தரவு, ஒரே கட்டளை. இவளுக்கு 3.6, அவனுக்கு 5.1.

"உன் மெஷின்லதான் ஏதோ கோளாறு," என்றாள்.

"இருக்கலாம்கா. ஆனா உங்க ஷெல் வணக்கம் சொல்லுது, என்னோடது சொல்லல. அது எங்கேருந்து வருது?"

நல்லாத்தான் கேட்டான்! தொடக்கக் கோப்பைத் திறந்தாள். ஒன்பதாவது வரியில் கண் நின்றது. முன்பு பிடோக்கில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் இருந்தாள். அங்கே விற்பனைப் பட்டியலில் கட்டம் காலியாக இருந்தால் ஒன்றும் விற்கவில்லை என்று அர்த்தம். அதனால் எந்தத் தரவைப் படித்தாலும் காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடும்படி எழுதியிருந்தாள். எழுதியதையே மறந்தும் போனாள். இங்கே காலி என்றால் வெப்பநிலையை அளக்கும் உணரி அந்த நேரம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பத்து அளவில் மூன்று காலி. மூன்றையும் இவள் ஷெல் பூஜ்யம் டிகிரி என்று எடுத்துக்கொண்டு சராசரியை இறக்கியிருந்தது.

பாவி, ஒரு பிள்ளையின் பிழைப்பில் கை வைத்துவிட்டோமே!

அருளானந்தம் தேக்காவுக்குச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே மறித்துச் சொன்னாள்.

"நேத்து அவ்வளவு அடிச்சு எழுதினீங்களே?"

"ஆமா சார். தப்பு என்னோடது."

அவர் அங்கேயே நின்று மூன்றாம் அறையைக் காலி செய்யச் சொல்லிக் கிடங்குக்கு ஃபோன் போட்டார்.

மேசைக்குத் திரும்பியதும் முதலில் அந்த வரியை அழித்தாள். பிறகு மின்னஞ்சல் எழுதினாள்: "யூசுப்பின் கணக்குதான் சரி. கவனமில்லாதது நான்." எட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

பின்னால் நின்ற யூசுப் பதறினான். "அக்கா, சார்கிட்டதான் சொல்லிட்டீங்களே. எல்லாருக்கும் எதுக்கு?"

"நேத்து எல்லாருக்கும்தானே அனுப்பினேன்," என்று சொல்லி மோகனா அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.