தண்ணீர் ஆட்கள் பட்டியலும் நிமரின் பம்பு கடையும்

தண்ணீர் டாங்கர் லாரிக்காரர் அபூ கரமின் ஆபீஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் நஸீஃப் மலையிலிருந்து அஷ்ரஃபிய்யா மலைக்குப் போய்விட்டது. அன்று கோழி கிலோ ஒன்றே முக்கால் தினார். கோழி விற்கிறவன் நான், விலை மறக்காது. ஆபீஸ் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேநீர். அத்தனையும் சொட்டுக்கூடச் சிந்தாமல் பள்ளத்தைத் தாண்டி எதிர் மலையில் ஒரு ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த அபூ கரம் ஷட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கழுதைடா என் தெருவை மாத்தினது?" என்று கத்தியதாகச் சொல்வார்கள். மாற்றியது யாருமில்லை. எங்கள் தெரு ஹியாம் நடத்துகிற இணையப் பட்டியலில் அவர் விலாசம் 'அபூ ஸல்மா ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில்' என்று இருந்தது. அபூ ஸல்மா வாடகை கட்டுப்படியாகாமல் முந்தின நாள் கடையை அஷ்ரஃபிய்யாவுக்கு மாற்றியிருந்தார். பட்டியலில் சொன்னபடி அபூ கரமும் போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான்.

எங்கள் அம்மான் நகரில் தெருவுக்குப் பெயரும் வாசலுக்கு எண்ணும் உண்டு. அது அரசாங்கத்துக்கு. மனுஷனுக்கு மனுஷன் சொல்லும்போது சலூனுக்கு எதிரே, அத்திமரத்துக்குக் கீழே என்றுதான் சொல்வோம். ஹியாமும் அப்படித்தான் எழுதினாள். அவள் முன்பு தண்ணீர்ப் புகார் கேட்டு எழுதுகிற வேலையில் இருந்தவள். வேலை போன பிறகும் ஜனங்கள் அவள் சொந்த எண்ணுக்கே கூப்பிட்டு, டாங்கர் யார், தொட்டி கழுவுவது யார், பம்பு பார்ப்பது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபத்திலிருந்து பல் டாக்டர் வரை எல்லாவற்றையும் போடுகிற பட்டியல்கள் ஊரில் ஏகப்பட்டவை இருந்தன, ஒன்றும் உருப்படவில்லை. ஹியாம் தண்ணீரை மட்டும் போட்டாள். மாதம் ஒருமுறை எல்லோரையும் தானே கூப்பிட்டுப் பார்ப்பாள். போனை மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்காதவன் பட்டியலில் ஒரு படி இறங்குவான். அவள் புருஷன் நிமர், என் கடைக்கும் இஸ்கந்தர் சலூனுக்கும் நடுவில் பம்பு பழுது பார்க்கிறவன், எட்டாவது இடத்தில் இருந்தான். "புருஷன்னு ஒரு இரக்கம் கூடவா இல்ல?" என்று தெருவே கேட்கக் கத்துவான். "மூணாவது மணியில எடுக்கலையே. பொண்டாட்டி போன்னு தெரிஞ்சுதானே எடுக்கல?" என்று அவள் மாடியிலிருந்து பதில் கொடுப்பாள். எனக்கு வியாபாரம் இல்லாத நாட்களில் அதுதான் பொழுதுபோக்கு.

ஹியாம் விலாசத்தைத் திருத்தி எழுதியதும் அபூ கரமின் ஆபீஸ் மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு பட்டியலுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. ஆளுக்கு மாதம் ஐந்து தினார், நூற்று நாற்பது பேர், மூன்றே வருஷத்தில். குழாய்க்காரன் ஒருவன் பத்து தினார் சேர்த்து நீட்டி, "என்னை அப்படியே மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போட்டுடு தங்கச்சி, புண்ணியமாப் போகும்" என்றான். அவள் அசையவில்லை. உள்ளதை உள்ளபடிதான் எழுதுவாள். காசு கொடுத்தால் பட்டியலின் உச்சியில் ஒரு கட்டத்துக்குள் பெயர் போடுவாள், ஆனால் கீழே 'இவர் காசு கொடுத்து நிற்கிறார்' என்றும் போட்டுவிடுவாள். அதையும் வாங்க ஆள் இருந்தது. வினை அந்தக் கட்டத்திலிருந்துதான் வந்தது.

நாற்பது டாங்கர் வைத்திருந்த ஜவ்தத் ஒரு கோடைக்கு அந்தக் கட்டத்தை மொத்தமாக வாங்கினான். பெயருக்குக் கீழே இருந்த வரியைப் பார்த்து ஊர் சிரித்தது. அவன் ரொட்டி வாங்க நின்ற இடத்தில்கூட ஒருத்தி, "வாங்க, காசு கொடுத்து நிற்கிறவரே, வரிசையிலயும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டாள். ஜவ்தத் ஹியாமின் வாசலுக்கு வந்து பட்டியலையே விலைக்குக் கேட்டான். "விக்கிறதா இல்ல அண்ணே, தேநீர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். தேநீரைத் தொடாமல் எழுந்து போனான். எங்கள் ஊரில் தேநீரைத் தொடாமல் போகிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்?

பட்டியலுக்கு இணையத்தில் ஒரு பெயரை வைத்திருக்க வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்கான கடைசி நினைவூட்டல் ஹியாமுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் எங்கள் மலைக்குத் தண்ணீர் நாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அன்றைக்குக் கம்பளம் முதல் கால்சட்டை வரை துவைக்க வேண்டும், மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று காவல் நிற்க வேண்டும், பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீர் நாளில் போனைப் பார்க்கிற பெண்ணை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. ஹியாம் போனை அலமாரியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். புதன்கிழமை காலை பெயர் அவளுடையதாக இல்லை. இப்படி ஏதாவது நடக்கும் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த ஜவ்தத் அதை வாங்கிவிட்டான். பட்டியலை வரி மாறாமல் நகலெடுத்து அதே பெயரில் ஏற்றினான். ஊர் வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றினான். நிமரின் பம்பு கடை: பழைய குல்நார் சினிமாவுக்கு எதிரே.

குல்நார் சினிமாவை இடித்து இருபத்திரண்டு வருஷம். அங்கே இப்போது மேம்பாலம் போகிறது. நாங்கள் இன்னமும் 'குல்நாருக்கு எதிரே' என்றுதான் சொல்வோம், கேட்கிறவனுக்கும் புரிந்துவிடும். ஆனால் சினிமாவே இல்லாதபோது அதற்கு எதிரே ஒரு கடை எங்கே போய் நிற்கும்? வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் கடைச் சுவரும் இஸ்கந்தர் சலூன் சுவரும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒரு தீக்குச்சி நுழைய இடமில்லை. ஹியாம் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் என் வாசலில் நின்று நிமருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஹியாம், வெளியே தெரு இல்லடி."

"தெரு இல்லன்னா என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. ஷட்டரைத் தூக்கினேன், ரெண்டு படி இருக்கு. அதுக்குக் கீழ வெறும் சாம்பல் நிறம். காத்துகூட இல்ல."

கடையில் லாரி பேட்டரி இருந்ததால் போன் சார்ஜுக்குப் பஞ்சமில்லை. பையில் காலையில் வாங்கின சாதர் இலைப்பொடி தூவின ரொட்டி நாலு இருந்தது. தண்ணீர் ஆறு பாட்டில். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிறவன் கடையில் ஆறே பாட்டில். ஹியாம் ஜவ்தத்திடம் ஓடினாள். "அடடா, ஏதோ தப்பு நடந்துடுச்சு போல தங்கச்சி, கேட்கவே மனசு பதறுது" என்றான்; ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தன் விலையையும் சொன்னான். நூற்று நாற்பது பேர் விவரத்தையும், ஊருக்கே மனப்பாடமாக இருந்த அவள் போன் எண்ணையும் அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவன் ஆபீசில் கையெழுத்து. அதுவரை ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டான்.

எழுதிக் கொடுத்தால் இனி ஜவ்தத் கேட்பாரில்லாமல் நினைத்தவனை நினைத்த இடத்துக்குத் தூக்கி எறியலாம் என்று அபூ கரம் அவள் வாசலில் வந்து அழுதார். "எனக்கு மூணு பொண்ணு இருக்கு, ஹியாம்." அவளும் அழுதாள். "உங்க யாருக்கும் நான் துரோகம் பண்ணணும்னு இல்ல. ஆனா என் புருஷன் தண்ணியில்லாம சாகறதை நான் போன்ல கேட்டுட்டு இருக்க மாட்டேன்" என்றாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் போயின. நிமர் மூடி மூடியாகக் குடித்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டிலில் பாதிதான் மிச்சம். "முதல் மணியிலயே எடுக்கிறேனே, இப்பவாவது மேல ஏத்துவியா?" என்று கேட்டான். குரல் காய்ந்துபோயிருந்தது.

செவ்வாய் காலை ஹியாம் நல்ல உடுப்பு உடுத்தி, பேனாவைக்கூடக் கையோடு எடுத்துக்கொண்டு ஜவ்தத் ஆபீசுக்குப் போனாள். பூட்டு தொங்கியது. ஜவ்தத்தும் நஸீஃப் மலைக்காரன்தானே. அவன் மனைவி அவனை மாடியில் நிறுத்தி, கையில் ஹோஸ் பைப்பைக் கொடுத்துவிட்டிருந்தாள். ஆபீஸ் கணக்கர் தன் வீட்டில் கம்பளத்தை மிதித்துக்கொண்டிருந்தார். ஏழு தடவை போன் போட்டாள். சரணடையப் போனவளுக்குச் சரணடைய ஆள் கிடைக்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து நிமரைக் கூப்பிட்டாள். பாட்டில் முடிந்துவிட்டது என்றான். அப்புறம், "ஒரு அதிசயம் ஹியாம். நேத்து வரைக்கும் ரெண்டு படிதான். இன்னிக்குக் காலையிலேர்ந்து அஞ்சு படி தெரியுது" என்றான்.

அவளுக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. பட்டியல் சொல்வது நடக்கிறதென்றால், அது ஊர் பட்டியலைப் பார்த்து நடப்பதால்தான். இன்றைக்கு மலையில் ஒருத்தரும் போனைப் பார்க்கவில்லை. ஜவ்தத்தின் பட்டியலுக்கு இன்று மட்டும் பலமில்லை. அவள் மாடிக்கு ஓடி, தொட்டி மேலேயே ஏறி நின்று, "நிமரோட பம்பு கடை எங்கன்னு யாராவது கேட்டா, கோழிக்கடைக்கும் சலூனுக்கும் நடுவுலன்னு சொல்லுங்க! அடுத்த மாடிக்கும் சொல்லுங்க!" என்று கத்தினாள். நனைந்த கையோடு பெண்கள் மாடிக்கு மாடி அதைக் கடத்தினார்கள். என் சுவருக்குள் ஷட்டர் உரசுகிற சத்தம் கேட்டது, ஓடுகள் தெறித்தன, கூண்டில் கோழிகள் ஒரேயடியாகக் கத்தின. போனில் நிமர், "நிறுத்து, நிறுத்து! அலமாரி நொறுங்குது, நானும் நசுங்கிடுவேன்!" என்று அலறினான். நெருங்கிப்போன சுவர் விலகவில்லை. பழைய இடம் போனது போனதுதான். ஹியாம் இரண்டு கையையும் ஆட்டி அடுத்த மாடிகளை நிறுத்தினாள். காலடியில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்: "மாத்திச் சொல்லுங்க! எங்க தண்ணி வந்திருக்கோ, அங்க நிமர் கடை இருக்கு!"

இஸ்கந்தரின் அம்மா சொன்னாள், அபூ கரமின் மூன்று பெண்களும் சொன்னார்கள், சொல்வது என்ன என்று புரியாமல் ஜவ்தத்தின் மனைவியும் பக்கத்து மாடிக்குச் சொன்னாள். பதினொன்றரை மணிக்கு நிமரின் கடை நடுத்தெருவில், அபூ கரமின் லாரி நிற்கிற இடத்தில், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து வந்து நின்றது. ஷட்டர் திறந்தது. நிமர் வெளியே வந்து என் வாசல் குழாயில் வாய் வைத்துக் குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். ஹியாம் அவன் முதுகில் இரண்டு குத்து விட்டாள். அப்புறம் அதே முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அஷ்ரஃபிய்யாவின் தண்ணீர் நாள், தண்ணீர் அங்கே போனது, அதன் பின்னால் கடையும் போனது, உள்ளே நிமரும் போனான். ஷட்டரைத் தாண்டி வெளியே தூங்கிப் பார்த்தான். விடிந்தபோது கடைக்குள்தான் இருந்தான். ஹியாமும் அவனோடு கூடப் போய்ப் பார்த்தாள். விடிந்தபோது அவள் வீட்டில்தான் இருந்தாள், மாடிகளில் சொன்னதில் அவள் பெயர் இல்லையே. பம்பு கெடுவதெல்லாம் தண்ணீர் நாளில்தான் என்பதால் தினம் ஒரு மலையில் அவனுக்கு வேலை குவிகிறது. அதைப் பார்த்துத் தொட்டி கழுவுகிறவர்களும் குழாய்க்காரர்களும் தங்களையும் அப்படியே எழுதச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள். ஹியாம் புதுப் பெயரில் புதுப் பட்டியல் போட்டாள். இப்போது அறுநூறு பேர். ஜவ்தத்தின் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. அவன் டாங்கருக்கு அவனே போன் செய்து பார்த்துக்கொள்கிறான் என்று கேள்வி. ஹியாம் நிமரை முதலாவதாகப் போட்டிருக்கிறாள், முதல் மணியில் எடுக்கிறவன் அவன் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் துவைப்பதில்லை, தொட்டியைப் பார்ப்பதில்லை. அதை இஸ்கந்தரின் அம்மா பார்த்துக்கொள்கிறாள். அன்றைக்கு என்னிடம் ஒரு முழுக் கோழி வாங்குவாள். இப்போது கிலோ இரண்டு தினார். வாரத்தில் ஒரே நாள் வருகிற புருஷனை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று வெளியூர்க்காரி ஒருத்தி என் கடையில் வைத்து அவளிடம் கேட்டாள். ஹியாம் கோழியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள், "வர்ற அன்னிக்கு நிறைய பிடிச்சு வச்சுக்கணும். மிச்ச ஆறு நாளும் பார்த்துச் செலவு பண்ணணும். இந்த ஊர்ல இது தெரியாத பொம்பளை உண்டா?"