கலாராணியின் முறைப்பாடு

ஆட்டோவின் பின் இருக்கையில் மகளை இருத்திவிட்டு, வீரசிங்கம் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்த காலத்துக் கோட்டு. எழுபத்திரண்டு வயதில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்திலிருந்து ரோட்டு வரை கலாராணியைத் தூக்கி வர இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்குவது தெரியாதிருக்க, தேயிலை மலையைப் பார்ப்பதுபோல் நின்றார்.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய கால்கள் எழவில்லை. இப்போது முப்பத்தொன்று. மடித்த உரச்சாக்கின் மேல் உட்கார்ந்து, கைகளால் உந்தி வீட்டுக்குள் நகர்வாள். வெளியே கக்கூசுக்குப் போக யாராவது தூக்க வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா தூக்கினாள். அவள் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. போன மாதம் தோட்டத்தில் எட்டுப் பேருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். பட்டியலில் கலாராணியின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு அவளே முறைப்பாடு எழுதியிருந்தாள்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பிரிவு மாடியில் இருந்தது. மகளை ஆட்டோவில் விட்டுவிட்டுக் கடிதத்தோடு அவர் மட்டும் ஏறினார். நேராக மேசைக்குப் போனவரை, சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த அதே தோட்டத்துக் கருப்பம்மா மறித்தாள்.

"கங்காணி, இது பெரட்டுக் களம் இல்ல, நீங்க பேர் கூப்பிட. வரிசையில ஒக்காருங்க."

காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்தவர் அவர். வாங்கு முழுக்கச் சிரித்தது. அவர் உட்காரவில்லை. தன் முறை வரும்வரை நின்றே இருந்தார்.

உத்தியோகத்தர் ஸஜீதா கடிதத்தைப் படித்தாள். "பதிவு எடுக்க ஒங்கட வீட்டுக்கு ஆள் வரல்லியா ஐயா?"

கடிதத்தில் அப்படி இல்லை. பதிவு ஏன் விடுபட்டது என்று விசாரிக்கும்படி மட்டுமே கலாராணி கேட்டிருந்தாள்.

"ஒருத்தரும் வரலம்மா," என்றார் வீரசிங்கம். "தோட்டத்து ஆளுங்கன்னா ஒங்களுக்கு இளக்காரம்."

"அந்தப் பக்கம் தயானி மிஸ்தான் எடுத்தாங்க. வரல்லன்னா அவங்க மேலதான் விசாரணை வரும்." அவள் அலுமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினாள். "இந்தக் கையெழுத்து ஒங்கடதா?"

அவருடையதுதான். அதற்கு மேலே, மாற்றுத்திறனாளிகள் என்ற இடத்தில், 'இல்லை' என்று இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்யும் குடும்பம் இளையவள் கௌசிகாவைப் பெண் பார்க்க வந்திருந்தது. மூத்தவளைச் சமைக்கும் குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தயானி வாசலில் வந்து நின்று, வீட்டில் ஏலாதவர்கள் யாரும் உண்டா என்று உடைந்த தமிழில் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார்கள்.

"எங்க பரம்பரையிலயே அப்பிடி யாரும் இல்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கௌசிகாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

"ஐயா?" என்றாள் ஸஜீதா.

வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"என்னோடதுதான்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப நடந்தத எழுதி, மகளே ஒப்பம் வச்சுத் தரட்டும். புதுசாப் பதியலாம்."

படியிறங்க வெகுநேரம் பிடித்தது. கலாராணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கடுதாசிய மாத்தணுமாம்," என்றார்.

"என்னன்னு?"

அவர் ரோட்டைப் பார்த்தார். பதுளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது.

"நம்ம குசினிச் செவுரு கூரைக்கு எட்டாதுப்பா," என்றாள் கலாராணி. "அன்னிக்கி நீங்க சொன்னது எனக்குக் கேட்டிச்சி."

பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் லயத்தில்தான் ஆயுள் முழுக்க இருந்தார். அன்று அது தோன்றவில்லை.

"அப்ப ஏன் இத எழுதுன?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

ஆட்டோக்காரன் வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லி இறங்கிப் போனான். கலாராணி கடிதத்தைப் புரட்டி, பின்பக்கத்தை இருக்கையில் விரித்தாள். காற்று தாளைத் தூக்கியது. வீரசிங்கம் வெளியே நின்றபடி குனிந்து, இரண்டு மூலைகளையும் விரல்களால் பிடித்துக்கொண்டார். அவள் எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் தலைகீழாக இருந்தாலும் வாசிக்க முடிந்தது. 'எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். என் அப்பா' என்று எழுதியபோது மை நின்றது. அவள் பேனாவை உதறினாள். காற்று மறுபடியும் வர, அவர் தாளை இன்னும் அழுத்திப் பிடித்தார்.