டிம்பனியின் மேல் ஒரு போர்வை

டிம்பனி லாரியில் வந்து இறங்கிய அன்று, மல்லசமுத்திரத்துப் பக்கம் பாதிப் பேர் நான் கேட்டரிங் தொழில் ஆரம்பித்துவிட்டதாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. செம்பில் செய்த இரண்டு பெரிய அண்டா, மேலே இழுத்துக் கட்டிய வெள்ளைத் தோல், கீழே ஒரு கால்மிதி. பார்த்தால் வேறு என்ன தோன்றும்? "எத்தன பேருக்குங்க பிரியாணி ஆக்கலாம்?" என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். இது வெள்ளைக்காரர்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் நின்று அடிக்கிற முரசு, மிதியை அழுத்தினால் சுருதி மாறும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆக்க முடியாதுங்களா?" என்றார்.

என் பெயர் அறிவு. நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் வாத்தியார். நாற்பதைத் தாண்டியும் பெண் கிடைக்காத கொங்குநாட்டு ஆண்களின் பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். தோட்டத்தில் அப்பா அம்மா இருந்த பழைய வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். வேலிக்கு அந்தப்பக்கம் அண்ணன் சென்னியப்பனின் புது வீடு, அதற்குப் பின்னால் அவருடைய கோழிப்பண்ணை.

முதல் நாள் சாயங்காலம் ஆசை தீர அடித்தேன். அண்ணன் வேகமாக வந்து வாசலில் நின்றார்.

"ஏன்டா அறிவு, இடி இடிக்கிறாட்ட இருக்குது. கோழி மெரண்டா முட்ட நின்னுபோயிரும். என்னத்தையாவது மேல போட்டு அமுக்கு."

நாமக்கல் பக்கத்தில் பிறந்துவிட்டு முட்டைக்கு எதிராக யாராவது வாய் திறக்க முடியுமா? சரிங்கண்ணா என்றேன்.

டிம்பனிக்காரர்கள் மஃப்ளர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளங்கை அகலத்தில் கம்பளியோ மெல்லிய தோலோ. அடித்த அடி நீளாமல் நிற்க வேண்டிய இடங்களில் அதை முரசின் மேல் வைப்பார்கள். தோலின் நட்டநடுவில் வைத்தால் சுருதி கெடாது, நாதம் கொஞ்சம் அடங்கும். நடுவிலிருந்து ஓரம் பார்த்து நகர்த்த நகர்த்த நாதம் குறுகிக்கொண்டே வரும். எதை எடுப்பது, எங்கே வைப்பது என்பதில்தான் ஆளின் காது தெரியும். என் விஷயத்தில் காது அண்ணனுடையது. அவர் ரோட்டோரம் கேட்டுக்குப் பக்கத்தில் போனோடு நின்றார். நான் வீட்டுக்குள் அடித்துப் பார்த்தேன்.

முதலில் சேலத்தில் வாங்கிய, கார் துடைக்கும் தோல். கச்சேரிக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு அருமையாக இருந்தது. "கேக்குதுடா" என்றார். தடித்த கம்பளி வைத்தேன். "இப்பவும் கேக்குது." துண்டை நாலாக மடித்துப் போட்டேன். "லேசா." கடைசியில் ஆட்டையாம்பட்டியில் வாங்கிய முரட்டுப் போர்வையை இரண்டு முரசுக்கும் சேர்த்து விரித்து அடித்தேன். "இப்ப ஒண்ணுமில்ல" என்றார் நிம்மதியாக. எனக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை. துணி துவைக்கிற மாதிரி தொப்புத் தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்படியே வருஷக்கணக்காகப் பழகினேன்.

எனக்கென்று இருந்தது பெங்களூரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா. எப்போதாவது கச்சேரி இருந்தால் கூப்பிடுவார்கள். சேலம் போய் பஸ் பிடித்துப் போவேன். வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். கடைசி வரிசையில், அடியை நிறுத்த மஃப்ளரையே நம்பி நான் நிற்பேன். "அறிவு வந்தாச்சா?" என்று அங்கே ஒருவர் கேட்பார். இந்த உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். வீட்டில் நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது எனக்கே சில நாள் மறந்துபோகும்.

இந்த வருஷம் அந்த இடத்துக்கு இன்னொரு ஆளும் வந்துவிட்டான். நல்ல வாசிப்பு, வயசும் குறைவு. இரண்டு பேரையும் வீடியோ அனுப்பச் சொன்னார்கள். இரண்டு குச்சியாலும் இடைவிடாமல் அடித்து, மெல்லத் தொடங்கிப் பெருகும் ஓர் உருட்டல், பிறகு வெட்டு வெட்டாகச் சில அடிகள். முரசின் மேல் எந்தத் துணியும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு அடியையும் விரலாலேயே தொட்டு நிறுத்த வேண்டும். அந்த இடம் போனால் என்னை யாரும் எங்கேயும் தேட மாட்டார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நல்ல வேளையாக அப்போதுதான் அண்ணன் கிழட்டுக் கோழிகளை எல்லாம் லாரியில் ஏற்றி விற்றிருந்தார். புதுக் கோழி வரும்வரை கோழி அடைக்கும் செட்டு காலி. போர்வையை உருவி எறிந்தேன். முதல் அடி அடித்தேன். அம்மாடி, என்ன நாதம்! சுவர், ஓடு, என் நெஞ்சுக்கூடு எல்லாம் சேர்ந்து முழங்கியது. முழங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது, அடித்த கையோடு விரல் இறங்கித் தோலைத் தொட்டிருக்க வேண்டும். கை இறங்கவில்லை. இத்தனை வருஷமும் நிறுத்துகிற வேலையைப் போர்வை பார்த்துக்கொண்டதில் கை சுத்தமாகச் சோம்பேறியாகியிருந்தது. அடுத்த அடி முந்தைய அடியின் மேல் விழுந்து ஒரே இரைச்சல். பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூட இதைவிட ஒழுங்காக அடிப்பார்கள்.

விடாமல் அடித்தேன். தோட்டம் முழுக்க அதிர்ந்திருக்கும். யாராவது வந்து சத்தம் போடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தால் காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஒருவரும் வரவில்லை. திட்டுவதற்குக்கூட எனக்கு ஆளில்லை.

கை மெல்ல மெல்லப் பழைய நினைவுக்கு வந்தது. பத்து அடியில் எட்டு அடி நின்றது. அந்த நேரம் பார்த்துப் புதுக் கோழிகள் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டன. வீடியோ அனுப்பக் கெடு இன்னும் முடியவில்லை, எனக்கோ ஒரே ஒரு நாள் போதும். அண்ணனிடம் கெஞ்சுவதற்கு வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே பண்ணைக்குப் போனேன். குறையும் முட்டைக்கு ஈடாக என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருவதாகச் சொல்வதாகவும் உத்தேசம்.

அண்ணன் கோழிகளுக்குத் தண்ணீர் போகிற குழாயில் ஒழுகலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் போர்வ இல்லாம அடிச்சுக்கட்டுங்களா?"

"அடிச்சுக்க."

என் வசனமெல்லாம் வீணாகப் போயிற்று.

"முட்ட கொறஞ்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் கொறையாது. போன கோடையில செட்டுக்குப் பக்கத்துலயே ரிக்கு வண்டிய நிறுத்தித் தண்ணிக்குப் போரு ஓட்டுனமே, ஒத்த முட்ட கொறஞ்சுதா? சித்த நேரம் மெரளும், அப்பறம் பழகிக்கும்."

"அப்பறம் எதுக்குங்கண்ணா அன்னைக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொண்ணூட்டுக்காரங்க வந்து போற எடம். உள்ள நொழையறப்பவே எளவூட்டாட்டம் டம்முடம்முன்னு கேட்டா எவன்டா பொண்ணக் குடுப்பான்? நேரா சொன்னா நீ மொகத்தத் தூக்கிக்குவ. அதான் கோழி மேல பழியப் போட்டேன்."

"இப்ப பரவாயில்லீங்களா?"

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இனி யாரு சாமி வாரா? நீ நல்லா அடி."

அவர் என்னைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அந்தக் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாணத் தரகர் வந்து எத்தனை நாளாயிற்று என்று வரப்பில் நடக்கும்போதே யோசித்துப் பார்த்தேன். சரியாக நினைவில்லை.

மறுநாள் காலையில் வீடியோ எடுத்தேன். உருட்டல் சீராக ஏறியது. ஒவ்வொரு அடியும் வெட்டினாற்போல நின்றது. கோழிகள் ஒருமுறை கொக்கரித்துவிட்டு அடங்கிவிட்டன. இடம் எனக்குத்தான் என்று பெங்களூரிலிருந்து பதில் வந்தது. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் போர்வையை உதறி மடிக்கும்போது அழுதுவிட்டேன். அது டிம்பனி மேல் கிடந்த வருஷமெல்லாம், எனக்கு ஒருத்தி வருவாள் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நம்பிக்கை எனக்கே இருந்ததில்லை. இப்போது அவருக்கும் இல்லை.