முன்கையில் அறுபத்தேழு

1.
இந்தக் கதை ஒரு ஸ்டிக்கரால் வந்தது. அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்கள். மூளைக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று கட்டிலுக்கு மேலே திரையில் எண்ணாகக் காட்டும். ஊசி இல்லை, கத்தி இல்லை, வெறும் வெளிச்சம்தான். இதயம் நின்று மறுபடி துடிக்கத் தொடங்கிய அம்மா, ஆறு நாளாகக் கண் திறக்கவில்லை.

'அந்த எண் ஒரு விளக்கைப் போல' என்று ஆரம்பித்தேன். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.
கதையில் வருகிறவளை 'அவள்' என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போதுதான் கை ஓடுகிறது. [அவள் பள்ளிக்கூடத்தை விட்டது ஏனென்றால்— வேண்டாம். அது வேறு கதை.]

அப்பா உள்ளே வந்ததும் அம்மாவைப் பார்க்கமாட்டார். திரையைத்தான் பார்ப்பார்.

"எவ்வளவுடி?"

"அறுபத்தேழுப்பா."

"பாத்தியா. லேசுல விட்டுக்குடுக்க மாட்டா உங்கம்மா. என்கிட்டயே விட்டுக்குடுத்ததில்ல."

மூச்சு மிஷினை எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதற்கு அப்பாவிடம் உள்ள ஒரே காரணம் அந்த எண்.

3.
நேற்று அம்மாவின் முகத்தைத் துடைக்கும்போது ஸ்டிக்கர் கழன்று வந்துவிட்டது. எண் காட்டும் மிஷின் கத்தியது. நர்ஸக்கா திட்டுவார் என்ற பயத்தில் அவள் அதைத் தன் முன்கையில் அழுத்திக்கொண்டாள். சத்தம் நின்றது. எண் வந்தது.

அறுபத்தேழு.

முன்கையில் ஏது மூளை?

(இங்கே 'அவள் அழுதாள்' என்று எழுதியிருந்தேன். நான் அழவில்லை. திரும்ப அம்மாவின் நெற்றியில் ஒட்டிவிட்டு மீதி முகத்தைத் துடைத்தேன்.)

மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"நெத்தித் தோல்ல ஓடுற ரத்தத்தையும் சேத்துத்தாம்மா அது படிக்கும். சட்டுனு இறங்கினா நாங்க உஷாராவோம். மூளை நல்லா இருக்குன்னு அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஏன் கேக்குற?"

"சும்மாண்ணே."

4.
முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். மூச்சு மிஷினை எடுக்கிறார்கள். அதன்பிறகு அப்பா அவளிடம் எதையும் கேட்பதில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அம்மா அப்படியே கிடக்கிறாள், வாரங்கள், மாதங்கள், முதுகெல்லாம் புண்ணாகி—

முடிவு மூன்று: அம்மா கண் திறக்கிறாள். [பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

5.
இன்று காலை. டாக்டர் அறை. அப்பாவின் கையில் மூச்சு மிஷினை எடுக்கச் சம்மதிக்கும் படிவம்.

"நீதானேம்மா அவகூடவே இருக்க. நீ சொல்லு. கையெழுத்துப் போடட்டுமா?"

எண்ணை நம்ப முடியாது என்றால் அம்மா போய்விட்டாள் என்று அர்த்தமில்லை. இருக்கிறாள் என்றும் இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். நிதானமாக எழுதுங்கள். எதை எழுதினாலும் அப்பா நம்பிவிடுவார்.