ஒன்பதாவது பாட்டு

கடவுளை ஒரேயடியாக முடித்துவைக்க ஒன்பது பாட்டு போதும் என்று தம்பி அறிவித்தான்.

அப்பாவைப் புரட்டிப் பிடித்து விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அக்கா, "முதல்ல தலையணையைப் பிடி. அப்புறம் முடிக்கலாம்" என்றாள்.

எட்டு ஏற்கெனவே வெளியாகிவிட்டன. ஒன்பதும் சேர்ந்து ஒரே கதை: காலமெல்லாம் ஜெபித்த ஒருவர் சாகிறார், கடைசிப் பாட்டில் அந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்டுகிறார், உள்ளே யாருமில்லை. அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஜெபக்கூடத்தில் ஆயுசு பூராவும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான்.

"ஜெபப் பாட்டெல்லாம் பெரியவங்களுக்குத் தாலாட்டு, அக்கா. செத்தாலும் என் வாயில வராது."

அப்பா கண் திறந்தார். "அந்தக் கடைசிப் பாட்டைப் போடு."

"இன்னும் சரியா வரலப்பா."

"சரியா வர்ற வரைக்கும் நான் இருக்கணுமே. போடுறா."

தம்பி அக்காவைப் பார்த்தான். அப்பா திட்டினால் வாங்கிக்கொள்வான். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்கமாட்டான். அவளுக்குத் தெரியும்.

"போடுங்க மேதை சார்" என்றாள்.

போனில் பாட்டு ஓடியது. கதவு தட்டும் சத்தம். யாருமில்லை, யாருமில்லை என்று தம்பியின் குரல். அப்பாவின் விரல் போர்வைமேல் தாளம் போட்டது. பாட்டு முடிந்தது.

"இருட்டு நல்லா வந்திருக்கு" என்றார் அப்பா. "ஆனா மூச்சு விட எங்கயும் இடம் வெக்கலியேடா. கதவு திறக்கறதுக்குள்ள பாடறவன் போய்ச் சேந்துடுவான்."

தம்பி சிரிக்கப் போய் மூக்கை உறிஞ்சினான்.

"மெட்டு நம்ம சாயங்கால ஜெபப் பாட்டு. அதை மெதுவா இழுத்து வெச்சிருக்க."

"சத்தியமா இல்லப்பா!"

"முணுமுணுத்துப் பாரு."

முணுமுணுத்தான். இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டான். அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. பல் முளைக்கும் முன்பிருந்து தினமும் கேட்டது, வேறெங்கே போகும்?

அப்பா லேசாகச் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டு விட்டு வந்தது.

தம்பி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டான். போனை அணைத்தான். பிறகு தாழ்ந்த குரலில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலப் பாட்டைத் தொடங்கினான். அதே பழைய வார்த்தைகள். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. அப்பாவின் விரல் மறுபடி தாளம் போட்டது.

முதல் சரணம் முடிவதற்குள் போர்வைமேல் விரல் நின்றது. அக்கா குனிந்து அப்பாவின் மார்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தம்பி பாடிக்கொண்டிருந்தான். அவள் சொல்லவில்லை. இன்னும் இரண்டு சரணங்கள் இருந்தன.